இரண்டாவது தொட்டி

இன்னாசிமேரி மெஷினில் தூங்கிவிட்டாளாம்! கீழப்பழுவூரில் கயிறு அறுந்து, கிணறு வெட்ட இறங்கி நின்ற சாமிதுரையின் மேல் கல்கூடை விழுந்து அவன் கால் முறிந்ததற்கு அதுதான் காரணமாம். கயிற்றுக் கம்பெனி முதலாளி நடராசன் ஊரெல்லாம் இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தார். மனுஷனுக்கு நாக்கூசவே இல்லை.

மேரிக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஏலாக்குறிச்சிக்காரி. எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. 1979இல் அரியலூருக்கு வெளியே நடராசன் பிளாஸ்டிக் கயிறு போடத் தொடங்கியபோது கூட்டிப் பெருக்க வந்தவள். மெஷின் ஓட்டியவன் சிமெண்ட் ஆலை வேலைக்குப் போய்விடவே, "நீ கொஞ்ச நாளு பாத்துக்கம்மா" என்று அவளை நிறுத்தினார்கள். அந்தக் கொஞ்ச நாள் ஐந்து வருஷமானது. கடைசிவரை ஆஜர்ப் புத்தகத்தில் அவள் பெயருக்கு எதிரே 'பெருக்குபவர்' என்றுதான் இருந்தது. அநியாயம் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

வெள்ளைக் குருணையாக வரும் பாலிதீனை மெஷின் உருக்கி, சின்னத் துளைகள் வழியே நூலாகத் தள்ளும். நூல் பச்சைத் தண்ணீரில் விழுந்து இறுகும். அப்போது அதற்குப் பலமே கிடையாது; இழுத்தால் இழுத்த பக்கம் நீளும். கொதிக்கிற தண்ணீர்த் தொட்டி வழியாக விட்டு இழுத்த பிறகுதான் அது கயிற்றுக்கு ஆகும். தொட்டிக்கு இந்தப் பக்கத்து உருளை ஒரு சுற்றுச் சுற்றுகிற நேரத்தில் அந்தப் பக்கத்து உருளை எட்டுச் சுற்றுச் சுற்றும். அந்த இழுவையில் நூல் மெலியும், உரமும் ஏறும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தாலோ உள்ளுக்குள்ளேயே பிய்ந்து, சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துவிடும்.

இதையெல்லாம் மேரிக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? ஒருவரும் இல்லை. நூலில் செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, எது எத்தனை கல் தாங்குகிறது என்று தானே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தாள். ஒரே தொட்டியில் முழுவதும் இழுக்காமல், முதல் தொட்டியில் ஆறு மடங்கு இழுத்து, மிச்சத்தை இன்னொரு கொதிதொட்டியில் நிதானமாக இழுக்க வேண்டும் என்று முதலாளியிடம் மன்றாடி, ஒரு பழைய டிரம்மை வெட்டி இரண்டாவது தொட்டி வைத்தாள். நாலு கல்லில் அறுந்த நூல் ஆறு கல் தாங்கியது. "நம்ம கயித்துல யானையக் கட்டலாம்" என்று நடராசன் கடை கடையாகப் பீற்றிக்கொண்டார். மேரியின் பெயரை மட்டும் மறந்தும் சொல்லவில்லை.

எண்பத்துநாலு சித்திரையில் கிணறுகளெல்லாம் வறண்டன. ஊரே கிணற்றை ஆழப்படுத்த இறங்கியது. கயிறு, கயிறு என்று கடைக்காரர்கள் வாசலில் வந்து நின்றார்கள். நடராசன் இரண்டாவது தொட்டியை அணைத்துவிட்டு, உருளையைப் படுவேகமாக ஓட்டச் சொன்னார்.

"மொதலாளி, நூலு வெளுக்குது பாருங்க. இது ஆளு இறங்குற கயிறு. வேணாங்க" என்றாள் மேரி.

"நீ என்ன இன்ஜினியருக்கா படிச்சிருக்க? வெளுத்தா என்ன, வெள்ளையா அழகா இருக்குன்னு வாங்கிட்டுப் போறான். வேலையப் பாரு."

வெளுத்த நூலை அவள் கழித்து ஒதுக்கினாள். அவள் மாதா கோயிலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமையில் அதையும் சேர்த்து முறுக்கி, சுருள் போட்டுவிட்டார்கள். அதில் ஒன்றுதான் கீழப்பழுவூரில் அறுந்தது.

பழியை மேரி மேல் போட்டு நடராசன் அவளை வேலையைவிட்டு விரட்டினார். வேலை போனதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. அதே கயிறு இன்னும் முப்பது சுருள் குடோனில் கிடந்தது. அதை நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. கடைக்காரர்களிடம் போய்ச் சொன்னாள். தூங்கிக் கெடுத்தவள் பேச வந்துவிட்டாள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

மறுவாரம் கீழப்பழுவூர்க் கிணற்றில் வேலை மறுபடி தொடங்குகிறது, முதலாளியே புதுச் சுருள் ஒன்றை இனாமாகக் கொண்டுவருகிறார் என்று கேள்விப்பட்டு, முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். அவர் கொண்டுவந்த சுருளைப் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பளீரென்று வெளுத்திருந்தது.

"அண்ணே, இதுல இறங்காதீங்க. இதுவும் அதே கயிறுதான்" என்று கிணறு வெட்டுகிறவர்களின் தலைவர் வைத்திலிங்கத்திடம் சொன்னாள்.

"அவ கெடக்குறா! எங்கிட்ட வேலை போன கோவத்துல உளறுறா. இது முதல் தரமான கயிறு, நான் கேரண்டி" என்றார் நடராசன்.

வைத்திலிங்கம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லதுங்க மொதலாளி. புதுக்கயிறு மாட்டுனா, அதுக்கு நான் ஜவாப்புன்னு சொல்றவருதான் மொத நடை இறங்கணும். எங்காளுங்க வழக்கம் அது. கூடையில ஒக்காருங்க."

சகடையில் கயிற்றைக் கோத்துக் கூடையைக் கட்டி, மரியாதையாக ஒரு துண்டையும் அதில் விரித்தார்கள். நடராசன் கிணற்றை எட்டிப் பார்த்தார். அறுபதடி. அடியில் கூரான பாறை.

"எனக்கு... தலை சுத்துமப்பா. பிரஷர் இருக்கு."

"ஏன் மொதலாளி?" மேரி கயிற்றைப் பிடித்து அவர் முன்னால் நீட்டினாள். "ஒங்க உசுருக்கு ஆவாத கயிறு இவங்க உசுருக்கு மட்டும் ஆவுமா? இவங்களுக்கும் பொண்டாட்டி புள்ள வூட்டுல காத்துக்கிட்டுத்தானே இருக்கு?"

நடராசன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடையைக் கட்டினார். அந்த வாரமே கிணறு வெட்டுகிறவர்கள் ஊர் ஊராகச் சொல்லிவிட்டார்கள். முப்பது சுருளில் ஒன்றைக்கூட ஒரு கடையும் எடுக்கவில்லை.

வேறு வழியில்லாமல் அவர் இரண்டாவது தொட்டியைக் கொதிக்க வைத்தார். மேரியைக் கூப்பிட்டாரா? அதுதான் இல்லை. ஆண்டாயி என்று ஒரு புதுப் பெண்ணை மெஷினில் நிறுத்தி, "மேரி ஓட்டுனாளே, அச்சு அசலா அதே மாதிரி ஓட்டு" என்று சொன்னாராம். வயிறு எரியாதா?

சந்தையில் ஆண்டாயியே இதை வந்து சொன்னபோது மேரி கத்தரிக்காய் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"நூலு வெளுக்காம வருதுல்ல? அது போதும். ஆனா ஒண்ணு ஆண்டாயி, எங் கைவேலையத் தின்னுக்கிட்டு என்னையத் தூங்குமூஞ்சின்னாரு பாரு, அந்தச் சோறு அவருக்குச் செரிக்கக் கூடாது."