கானாவில் நான் போட்ட ரயில் பாதை

ஆறாவது படிக்கும் மகளுக்கு ஸ்கூல் ப்ராஜெக்ட், கானா நாட்டு ரயில் பாதைகள். அவள் வரைந்த வரைபடத்தில் அக்ரா, தக்கோரடி என்று கடலோரத்தில் இரண்டு ஊர்கள். இரண்டிலிருந்தும் தண்டவாளம் உள்நாட்டுக்குப் போகிறது. கரையோரமாக இரண்டையும் சேர்க்க ஒன்றுமில்லை.

பாவம், மறந்துவிட்டாள் என்று, அவள் டான்ஸ் கிளாஸ் போன நேரம் பார்த்து மார்க்கரால் நானே ஒரு கோடு இழுத்தேன். அழகுக்கு மூன்று ஸ்டேஷன் வேறு.

இன்று இங்கே அமெரிக்காவில், மில்பிடாஸில் அவள் ஸ்கூலில் பெற்றோர் பார்வையிடும் நாள். அவளுடைய தோழியின் அப்பா கானாக்காரர். படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இந்த லைன் எப்பம்மா வந்துச்சு? எங்கம்மா இன்னும் பஸ்லதான் போறாங்க. தங்கமும் கோகோவும் கப்பலேறத்தான் வெள்ளைக்காரன் லைன் போட்டான், நாங்க சொந்தக்காரங்களைப் பாக்க இல்ல" என்றார் மகளிடம், ஆங்கிலத்தில்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். நான் பக்கத்துப் பையன் செய்து வைத்திருந்த எரிமலை மாடலை ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

"ஸாரி அங்கிள், மை மிஸ்டேக்" என்றாள்.

காரில் கேட்டேன். "அப்பாதான் போட்டார்னு சொல்லியிருக்கலாமே, கண்ணு?"

"யூ வேர் ரைட் தேர், அப்பா."

டீச்சருக்கு மெயில் எழுத உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது. 'டியர் மிஸ்' வரை வந்துவிட்டேன். அதற்கு மேல் என்ன எழுதுவது? அனுபவப்பட்ட அப்பாக்கள் யாராவது சொல்லுங்கள்.