அத்தான் கழித்துக்கட்டிய பதினொரு கார்கள்

என் அக்காவின் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் தெரிந்தவர்களில் பழைய கார் வாங்க நினைப்பவர் யாரும் அவரை அழைத்துக்கொண்டு போகாமல் இருப்பதில்லை. அழைத்துக்கொண்டு போனவர் யாரும் கார் வாங்கியதும் இல்லை.

அத்தானுக்கு அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற வேலை. இருபத்தேழு வருடமாக ஒரே மேசை, ஒரே பூதக்கண்ணாடி, சிவப்பு மைப் பேனா. பாடப்புத்தகமோ மருந்துப் பெட்டியின் மேலட்டையோ எது வந்தாலும், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பிழையைப் பிடித்துவிடுவார். பிழையே இல்லாத தாள் ஒன்று கைக்கு வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. எல்லாத் திருத்தமும் முடிந்தபின் தாளின் கீழே 'அச்சிடலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது மட்டும் அவர் வேலை இல்லை. அதை முதலாளி செய்வார். பிழை பிடிப்பவர் ஒருவர், பொறுப்பேற்பவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு அத்தானுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

இந்த முறை கார் தேவைப்பட்டது வேறு யாருக்கும் இல்லை, அக்காவுக்கு. அவள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக வேலை செய்கிறாள். கூடத்தை நகரத்துக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள். முதல் தேதியிலிருந்து காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முதல் பஸ்ஸே ஏழே காலுக்குத்தான் போய்ச் சேருகிறது, இறங்கியபின் மேட்டில் கால் மணி நேரம் நடக்க வேறு வேண்டும். அக்காவின் முழங்கால்கள் ஏற்கெனவே மாடிப்படியைப் பார்த்தாலே முனகுகிறவை.

"முதல் தேதிக்குள்ள கார் வரணும். வரலைன்னா வேலையை விட்டுடறேன்" என்று அக்கா சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் செய்துவிடுவாள் என்று நம்பினேன். மைக்ராஸ்கோப்பை விட்டுவிட்டு அவள் வீட்டில் என்ன செய்வாள்? அத்தானோடு உட்கார்ந்து சுவரில் படம் கோணலாக இருப்பதைப் பற்றிப் பேசுவாளா?

அக்காவுக்குக் கார் ஓட்டத் தெரியும், வாங்குவதற்குப் பணமும் சேர்த்து வைத்திருந்தாள். பாக்கி இருந்தது அத்தானின் சம்மதம் ஒன்றுதான். "எட்டு வாரம் இருக்கு, நல்லதா ஒரு சின்ன வண்டி பார்த்துடறேன்" என்றார் அத்தான். அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போகும் பாக்கியம் எனக்கு வாய்த்தது.

ஊரின் கடைசியில் ஒரு தரகர் காலி மனையில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தி வியாபாரம் செய்துகொண்டிருந்தார். அத்தான் உள்ளே போனதும் முதலில் பானெட் மேல் கையை வைப்பார். சூடாக இருந்தால் முகம் இறுகிவிடும். "வாங்க வர்றவங்களுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடு பண்ணி வெச்சிருக்காங்க. குளிர்ந்த என்ஜின் கிளம்பலைன்னு அர்த்தம்." பிறகு துணியில் சுற்றிய காந்தத்தைக் கதவுகளின் மேல் ஓட்டுவார். காந்தம் பிடிக்காத இடத்தில் பெயின்ட்டுக்கு அடியில் பட்டி பூசியிருக்கிறது, வண்டி எங்கேயோ இடித்திருக்கிறது. மீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டி, பிரேக் பெடலின் ரப்பர் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் மீட்டர் பொய் சொல்கிறது. நான்கு ஜன்னல் கண்ணாடிகளின் ஓரத்திலும் பொறித்திருக்கும் வருடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார், ஒன்றில் மட்டும் வருடம் வேறாக இருந்தால் அது உடைந்து மாற்றிய கண்ணாடி. ஆயில் மூடியைத் திறந்து உட்பக்கத்தை முகர்ந்தும் பார்ப்பார். தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் தேடுவார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் வேலையைக் கரைத்துக் குடித்திருந்தார்.

கடைசியில் அங்கேயே நின்றபடி மூன்று உதிரிபாகக் கடைகளுக்குப் போன் போடுவார். "இந்த வண்டிக்குக் கிளட்ச் பிளேட் கையில இருக்கா? சைடு மிரர்? எத்தனை நாள்ல வரும்?" முன்விளக்கில் பல்பு மாற்ற பம்பரைக் கழற்ற வேண்டியிருந்தால் அந்த வண்டியோடு பேச்சுவார்த்தை முடிந்தது.

எல்லாம் முடிந்ததும் குறைகளை எண் போட்டு எழுதுவார். எழுதுவது அச்சகத்தில் மிஞ்சிய புரூஃப் தாள்களின் வெற்றுப் பக்கத்தில். இரண்டு பிரதி. ஒன்று தனக்கு, இன்னொன்று தரகருக்கு. "பிழையைச் சொல்லிட்டு எங்கேன்னு சொல்லாமப் போறது நாகரிகம் இல்ல" என்பார்.

முதல் காருக்கு இருபத்தொரு குறை, மூன்றாவதற்குப் பதினேழு. ஆறாவது ஒரு சாம்பல் நிற வண்டி, அதற்குப் பதினான்குதான். கடைகளில் கேட்டதெல்லாம் இருந்தது, பல்பும் ஒரே திருகலில் கழன்று வந்தது. அத்தான் "ம்" என்றார். அந்த 'ம்' தாளில் ஏறவில்லை. அது குறை இல்லையே. அந்தக் காரையும் கழித்துக்கட்டினார். ஏழாவது வாரம் முடிவதற்குள் பதினொன்று ஆகிவிட்டது.

அக்கா ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் நின்று எங்கள் முகத்தைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு அத்தானை ஸ்கூட்டரிலிருந்து கீழே தள்ளிவிடலாம் போல இருக்கும்.

இதில் எனக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. பதினொரு முறை மூக்குடைபட்ட தரகருக்குக் கோபமே வரவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போடுவார், டீ வரவழைப்பார். "சார், இன்னொரு வண்டி வந்திருக்கு. உங்க கண்ணு படணும்" என்று அவரே போன் செய்வார்.

பதினொன்றாவது காருக்குப் பிறகு அத்தான் பூதக்கண்ணாடியை அங்கேயே மறந்து வைத்துவிட்டார். மறுநாள் எடுத்துவர நான் தனியாகப் போனேன். மனையின் பின்பக்கத்தில் மெக்கானிக் ஒருவர் ஒரு காருக்கு அடியில் படுத்திருந்தார். முன்கண்ணாடியில் அத்தானின் தாள் ஒட்டியிருந்தது. சிவப்பு எழுத்தில் பத்தொன்பது குறைகள், ஒன்பதற்கு எதிரே டிக். தாளின் மறுபக்கத்தில் அச்சாகியிருந்த கணக்குப் புத்தக முக்கோணங்கள் லேசாகத் தெரிந்தன.

தரகர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. மேசையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்துக் காட்டினார். மற்றப் பத்துத் தாள்களும் அதில் வரிசையாக இருந்தன.

"உங்க அத்தான் மாதிரி பார்க்க ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வெச்சா எனக்குக் கட்டுப்படியாகுமா? அவர் எழுதினதை அப்படியே சரி பண்ணிடறேன். முடிஞ்சதும் வண்டி போயிடுது. வாங்கினவங்க ஒருத்தர்கூடக் குறைன்னு திரும்பி வரலை."

"எங்களுக்கு மட்டும் ஏன் திருத்தினதைக் காட்டலை?"

"கேட்டாத்தானே தம்பி? சார்தான் ஒரு தடவை தள்ளின வண்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேங்கறாரே."

பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவிடம் வந்து கொட்டினேன். அவள் குதிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டாள், "அவர் எழுதாம விட்டது எதாவது இருக்கா? நல்லதா?"

யோசித்துப் பார்த்தேன். அந்த 'ம்' நினைவுக்கு வந்தது.

மறுநாளே அக்கா என்னோடு வந்தாள். சாம்பல் நிற வண்டி வேறு யாருக்கோ விலைபேசி முடிக்கிற நிலையில் இருந்தது. பதினான்கு டிக்கும் விழுந்திருந்தன. "டிக்கை நான் நம்ப மாட்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்துட்டுத்தான் முடிவு" என்றாள். ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தால் இரண்டாம் முறை பார்க்காமல் கையெழுத்துப் போடாதவள் அவள். பிணையாக ஏதாவது வேண்டும் என்றார் தரகர். என் ஸ்கூட்டரைக் கைகாட்டினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அத்தான் வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்தார். ஒரே பார்வையில் கண்டுகொண்டார்.

"இது ஆறாவதாச்சே. நான் வேண்டாம்னு சொன்னது."

"ஆமா" என்றாள் அக்கா. "என்னங்க, உங்க அச்சகத்துல பிழை இருக்கிற புரூஃபைக் கிழிச்சுப் போட்டுடுவீங்களா?"

"அதெப்படிப் போடறது? திருத்தி ரெண்டாவது புரூஃப் வரும். அதைப் பார்ப்போம்."

"இது ரெண்டாவது புரூஃப். பாருங்க." அவர் எழுதிய தாளை நீட்டினாள்.

அத்தான் தாளை வாங்கி முதல் எண்ணிலிருந்து படித்தார். பிறகு என்னிடமிருந்து பூதக்கண்ணாடியை வாங்கிக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். மூன்று மணி நேரம் ஆயிற்று. அக்கா ஓட்ட, அவர் டேஷ்போர்டில் காதை வைத்துக்கொண்டு இரண்டு முறை மேடேறி இறங்கினார். வந்ததும் பதினான்கு எண்களையும் ஒவ்வொன்றாக அடித்துவிட்டார். ஒன்றுகூட மிஞ்சவில்லை. முகம் வாடிப்போயிற்று.

"சரி, வாங்கிடலாமா?" என்றாள் அக்கா.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கே நடுவழியில நின்னுச்சுன்னா? அத்தான்தான் பார்த்தாருன்னு இவனே சொல்லுவான்."

சொல்லியிருப்பேன், அதில் சந்தேகமில்லை.

"நின்னா இறங்கித் தள்ளுவேன்" என்றாள் அக்கா. "வேலையை விட்டுட்டு நான் நின்னுட்டேன்னா, யாருங்க தள்ளுவா?"

அத்தான் அவள் முழங்காலைப் பார்த்தார். இந்த எட்டு வாரத்தில் அவர் அதைப் பார்த்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன். வெட்கப்பட்டார். பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். தாளின் அடியில், தன் வாழ்க்கையில் ஒருமுறைகூட எழுதியிராத அந்தச் சொல்லை எழுதினார். அச்சிடலாம். கீழே கையெழுத்துப் போட்டார்.

ஸ்கூட்டரை மீட்கப் போனபோது தரகர் அடுத்த ஞாயிறு சார் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார். இனி வரமாட்டார் என்றேன். மனிதர் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதல் தேதி காலை ஆறரைக்கு அக்கா கிளம்பினாள். அத்தான் வாசலிலேயே நின்றார். ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது, சேர்ந்துவிட்டாள். அதன்பிறகுதான் உள்ளே வந்து காபி கேட்டார்.

அந்தத் தாள் இப்போதும் அக்காவின் காரில் இன்சூரன்ஸ் காகிதத்தோடு இருக்கிறது. கையெழுத்துக்குப் பக்கத்தில் அத்தான் தேதி போட மறந்திருக்கிறார். இருபத்தேழு வருடத்தில் அவர் கண்ணுக்குத் தப்பிய பிழை அது ஒன்றுதான். வாரத்துக்கு ஒருமுறையாவது பேனாவோடு வந்து அந்தத் தாளைக் கேட்கிறார். அக்கா கொடுப்பதில்லை.