இரும்பு மாத்திரையும் வரக்காப்பியும்

இன்னைக்கு நாகலூர் பஸ்ல என் கால் ஒரு நிமிஷம் சும்மா இருக்கல. உடம்புல இரும்புச்சத்து கம்மியானா சிலருக்கு இப்படித்தான், உக்காந்தா காலை ஆட்டிக்கிட்டே இருக்கணும்.

பக்கத்து சீட்ல எஸ்டேட்ல காப்பிப்பழம் பறிக்கற ஒரு அக்கா. "ஏன் கண்ணு, சீட்டே ஆடுது"ன்னாங்க.

இரும்புச்சத்து கம்மி, மாத்திரை போட்டுக்கிட்டு இருக்கேன்னு விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கும் அதே மாத்திரைதான். மாசக்கணக்கா முழுங்கறேன், ஒண்ணும் கேக்கல. போன வாரம் சரிவுல தலை சுத்தி, கூடையோட விழுந்துட்டேன்."

"எதுலங்க முழுங்கறீங்க?"

"வரக்காப்பிலதான். தண்ணில முழுங்குனா நொம்ப குமட்டுது."

எனக்குப் பதறிடுச்சு. காப்பியோட போனா இரும்பு ரத்தத்துல சரியா சேராதுங்க, மாத்திரைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒரு மணி நேரமாச்சும் காப்பியே கூடாதுங்கன்னு, ஏற்காடு வர்ற வரைக்கும் விடாம சொன்னேன்.

"இதை ஒருத்தரும் சொல்லலையே சாமி"ன்னாங்க.

இறங்கினதும் என் கையைப் புடிச்சுக்கிட்டாங்க. "நல்ல வார்த்தை சொன்ன. வா, ஒரு காப்பி குடிச்சுட்டுப் போலாம்."

நான் மாத்திரை போட்டே அரை மணிதான் ஆகுது. ஆனாலும் குடிச்சேன்.

கால் இப்பவும் ஆடுது. நம்ம மலையில காப்பியை வேண்டாம்னு சொல்லத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா, எப்படின்னு கமெண்ட்ல சொல்லுங்க.