கோணல் லேபிள் பாட்டில்கள்

ஸ்கேன் அறைக்குப் புது இயந்திரம் வந்தால், அதைச் சோதித்துப் பார்க்க யாராவது ஒருவர் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த மருத்துவமனையில் அது எப்போதும் அவள்தான். முப்பத்தாறு வயது, ஒல்லி உடம்பு, நோய்நொடி என்று படுத்ததில்லை. வீட்டில் காத்திருக்க ஆள் இல்லாததால், வேலை முடிந்த பிறகும் இருக்கச் சொன்னால் முகம் சுளிக்காதவளும் அவள் ஒருத்திதான். பதினோரு வருடமாக அடுத்தவர் கழுத்தில் குளிர்ந்த பசையைத் தடவி ரத்தக்குழாய்ச் சுவரை அளந்துவந்தவள், அன்று தானே கட்டிலில் படுத்துக்கொண்டாள்.

உடன் வேலை பார்ப்பவள் மூன்று முறை அளந்தாள். பிறகு இயந்திரத்தைத் திட்டினாள். இன்னொருத்தியைப் படுக்கவைத்து அளந்தால் இயந்திரம் ஒழுங்காகத்தான் இருந்தது. இவளுடைய சுவர் மட்டும் ஐம்பத்தைந்து வயதுக்காரருடையது போலத் தடித்திருந்தது.

பெரிய டாக்டர் கேட்காத கேள்வி இல்லை. கடைசியில், சின்ன வயதில் என்ன குடிப்பாய் என்றார். கலர் சோடா என்றாள். எவ்வளவு என்றதற்கு, தண்ணீர் குடித்ததாகத்தான் ஞாபகம் இல்லை என்றாள். டாக்டர் சிரிக்கவில்லை. இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சின்னதில் அவ்வளவு இனிப்பைக் குடித்து வளர்ந்தால் பின்னாளில் குழாய்கள் விறைத்துப்போகலாம் என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்து, தினமும் நடக்கச் சொன்னார்.

அவளுடைய அப்பா குளிர்பான ஆலையில் வேலை பார்த்தவர். லேபிள் கோணலாக ஒட்டிய பாட்டில்கள் கடைக்குப் போகாது, தொழிலாளிகள் வீட்டுக்குப் போகும். அம்மா இறந்தபோது அவளுக்கு ஆறு வயது. அப்பாவுக்கு இரண்டு ஷிப்ட். பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறந்தால் மேசைமேல் பாட்டில் நிற்கும். மூடியைத் திருகினால் உஸ் என்று அதுவாவது ஏதோ சொல்லும். இருட்டும்வரை அவளுக்குப் பேச்சுத்துணை அவ்வளவுதான்.

அப்பாவுக்கு வாழ்க்கையில் இருப்பது ஒரே ஒரு பெருமை. தாயில்லாப் பிள்ளையைக் குடிக்கிற தண்ணீரில்கூடக் குறைவைக்காமல் வளர்த்தேன் என்று வழியில் போகிறவரை எல்லாம் நிறுத்திச் சொல்வார். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவருக்கு மிஞ்சுவது என்ன? விஷயம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கட்டும் என்று அவள் முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போனாள். அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி. மூன்றாவது ஆள் வந்தால் நிற்க வேண்டியதுதான். நல்லவேளை, மூன்றாவது ஆள் வந்ததே இல்லை. மகள் வருகிறாள் என்று கலர் வாங்கி வைத்திருந்தார். இன்றைக்கு நீங்கள் குடியுங்கள் என்று அவள் அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்கெதுக்கும்மா இது? அந்தத் தொட்டியில எத்தனை மூட்டை சர்க்கரை கொட்டுறாங்கன்னு தினமும் பாத்தவன் நான். முப்பது வருஷத்துல ஒரு வாய் குடிச்சதில்ல" என்று அவர் சிரித்தார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பாவம், தெரியாமல் கொடுத்தார் என்றுதானே இத்தனை நாளும் தனக்குள் பூசி மெழுகிக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் எனக்கு மட்டும் ஏம்ப்பா குடுத்தீங்க?"

அவர் யோசிக்கவே இல்லை. "பாட்டில் தீர்ற வரைக்கும் நீ அழமாட்டேங்கிறன்னு பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் ரெண்டா வெச்சிட்டுப் போக ஆரம்பிச்சேன்."

அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. அதை யார்மேல் இறக்குவது என்றுதான் தெரியவில்லை. எதிரே இருந்தவரோ பனியனும் எலும்புமாக, அவள் வந்த சந்தோஷத்தில் கால் ஆட்டிக்கொண்டிருந்தார். புது மிஷினில் உன்னை வைத்துப் பார்ப்பார்கள் என்றாயே, பார்த்தார்களா, என்ன வந்தது என்று கேட்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா."

அவர் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை.

"இருக்காதா பின்னே?" என்றார். "நான் வளத்த உடம்பு."