அவர் என்னிடம் மட்டும் சொன்னது

என் கணவரைக் கண்டாலே என் அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. எர்ணாவூரில் அம்மா வீட்டின் மாடியில்தான் கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் குடியிருந்தோம். கீழே அம்மா, அண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள் இரண்டு பேர். அண்ணன் டிரெய்லர் லாரிகளுக்கு லோடு பிடித்துத் தருபவன். நாள் முழுக்க போனில் கத்திக்கொண்டிருப்பான். என் கணவர் ஒரு கன்டெய்னர் யார்டின் கேட்டில் உட்கார்ந்து, உள்ளே வரும் பெட்டிகளின் எண்களைச் சரிபார்ப்பார். அதிர்ந்து பேசமாட்டார். குழம்பில் உப்பு இல்லையென்றால் எழுந்துபோய் அவரே எடுத்துப் போட்டுக்கொள்வார். 'வூட்டோட மாப்ள' என்று அண்ணன் தெருவில் நின்று அவரைக் கூப்பிடுவான். அவர் சிரித்துவிட்டுப் படியேறிவிடுவார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு அண்ணன் மேல் கோபம் வராது, அவர் மேல்தான் வரும்.

அவரால் ஏணி ஏற முடியாது. மொட்டை மாடித் தொட்டியில் வால்வு கெட்டுப்போனால் புடவையைச் செருகிக்கொண்டு நான்தான் ஏறுவேன். ஏன் என்று எனக்குத் தெரியும். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், அவளைத் தூங்கவைத்துவிட்டு அவரே சொன்னார்.

யார்டு வேலைக்கு முன்னால் அவர் துறைமுகத்தில், கப்பல்களில் வேலை செய்தவர். அடுக்கிவைத்த கன்டெய்னர்களின் மேல் ஏறி, அவற்றை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டும் வேலை. கூடவே வளர்ந்த சிநேகிதன் ஒருவனும் அதே வேலையில் இருந்தான். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் நாலாவது அடுக்கிலிருந்து அவன் கால் வழுக்கியது. இவர் பக்கத்தில்தான் நின்றிருக்கிறார், எட்டிப் பிடித்தும் இருக்கிறார். சட்டைக் கை மட்டும் கிழிந்து இவர் கையில் வந்தது. அதற்குப் பிறகு இவரால் கீழே இறங்க முடியவில்லை. கிரேனில் கூண்டு மாட்டி இறக்கினார்களாம். சொல்லி முடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாதே என்றார். சரி என்றேன்.

ஐந்தாறு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள் தொட்டி வழிந்தது. நான் ஏணியில் நிற்க, அவர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அண்ணன் அதைப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவர் வேலைக்குப் போனபின், அண்ணனோடு சேர்ந்து டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், சட்டைக் கை உட்பட. அவருக்குப் பரிந்து பேசத்தான் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய். அண்ணன் சிரிப்பில் சேர்ந்துகொள்ள ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

இரண்டு மாதம் கழித்து, மே மாத லீவில், அண்ணன் வேன் பேசினான். சுற்றியுள்ள ஆலைகளின் எண்ணெய் நாற்றமும் புழுக்கமும் தாங்கவில்லை, ஒரு நாளாவது பிள்ளைகள் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று அம்மாவும் சொன்னாள். அம்மாவுக்கு மூட்டுவலி, அவள் வரவில்லை. விடிகிற நேரத்தில் கிளம்பினோம். ஏலகிரி மலை வளைவுகளில் என் மகள் மூன்று தடவை வாந்தி எடுத்தாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. மூன்று தடவையும் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டவர் அவர்தான். நான் முன் சீட்டில் அண்ணனோடு பேசிக்கொண்டு வந்தேன்.

மலைமேல் ஒரு சாகசப் பூங்கா. கயிற்றுப் பாலம், சுவர் ஏற்றம், பிறகு ஜிப் லைன். ஒரு மேட்டிலிருந்து எதிர்மேட்டுக்குக் கம்பி கட்டியிருந்தார்கள், இடையில் பள்ளம். இடுப்பில் பெல்ட் மாட்டித் தொங்கிக்கொண்டு போகவேண்டும். அண்ணன் எல்லோருக்கும் சீட்டு வாங்கிவிட்டான். அவர் தனக்கு வேண்டாம், பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அண்ணன் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துப்போய் வரிசையில் நிறுத்தினான். நானும் சொன்னேன், பிள்ளைகளே போகுதுங்க, சும்மா வாங்க என்று.

பிள்ளைகள் மூவரும் கத்திக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். அடுத்து அவர். இரும்பு மேடையில் ஏறியதுமே அவர் முகம் வெளுத்துவிட்டது. பெல்ட் மாட்டிய நரைமீசைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, பயந்தவர்களை அனுப்புவதில்லை, இறங்கிவிடுங்கள் சார் என்றார். என் கணவர் இறங்கத் திரும்பினார். அண்ணன் படியை மறித்துக்கொண்டு நின்றான். ஒரு கையில் போன், வீடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னா மாப்ள, இதுக்குப் போய் பயந்துகினு கீற? உன் தோஸ்து மாரி நீ வுழமாட்ட. உனக்கு பெல்ட்டு கீது."

பிறகு தன் டீ-ஷர்ட்டின் கையைப் பிடித்து, "இந்தா, புட்ச்சிக்கிறியா?" என்று நீட்டினான்.

அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் படியில் நின்ற என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவேண்டும் என்று தெரிந்தும் வாய் மூடவில்லை. எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு நரைமீசைக்காரரிடம் திரும்பி, அனுப்புங்க என்றார். நரைமீசைக்காரர் இன்னொரு முறை கேட்டார். இவர் சரியென்று தலையை ஆட்டினார்.

மற்றவர்கள்போல் கத்தவில்லை. சத்தமே இல்லாமல் போய்ச் சேர்ந்தார். நாங்கள் எதிர்மேட்டுக்குப் போனபோது, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தார். பேண்ட் முன்பக்கம் தொடைவரை நனைந்திருந்தது. அண்ணன் அதையும் எடுத்தான். அண்ணி தன் துப்பட்டாவை அவர் மடியில் போட்டுவிட்டு, பிள்ளைகளை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். அதை நான் செய்திருக்கவேண்டும்.

வேனில் மகள் அவர் பக்கத்தில் உட்கார மறுத்தாள்.

"நைனா மேல நாறுது. நான் மாமா கிட்ட உக்கார்றேன்."

யாரும் அவளை அதட்டவில்லை. அவரே எழுந்து கடைசி சீட்டுக்குப் போனார். வாணியம்பாடி தாண்டுவதற்குள் வீடியோ எங்கள் சொந்தக்காரர்கள் குரூப்பில் போய்விட்டது. திருவொற்றியூரிலிருந்தும் மாத்தூரிலிருந்தும் சிரிப்புப் பொம்மைகள் வந்துகொண்டே இருந்தன. அவர் போனும் பின்னாலிருந்து ஒவ்வொன்றுக்கும் ஒலித்தது. அவர் அதை அணைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தன் பேண்ட்டைத் தானே துவைத்துக் காயப்போட்டார். சண்டை போடுவார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். போடவில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். என்னிடம் கேட்டதற்குப் பதில் வந்தது. கேட்காததை அவர் சொல்வது நின்றுபோனது. அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதே மருந்துக்கடைக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த வருடம் ஒரு நாள் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தூத்துக்குடி யார்டுக்கு மாற்றல், கேட்டு வாங்கியதுதான் என்றார். ரயில் மறுநாள். எத்தனை நாளாக இது நடக்கிறது, என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உன்னாண்ட சொன்னா அது எங்க போவும்னு தெரியும்மே," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

நானும் வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன். அவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று கேட்கவில்லை.

மூன்று வருடமாகிறது. மாதாமாதம் செலவுக்கு அனுப்பிவிடுகிறார். பொங்கலுக்கு வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறார். அண்ணன் இப்போது அவரிடம் மரியாதையாகத்தான் பேசுகிறான். அவர் அதற்கும் அதே மாதிரி சிரிக்கிறார். தினமும் சாயங்காலம் மகளுக்கு போன் வரும். அவள் மொட்டை மாடிக்குப் போய் அரைமணி நேரம் பேசுவாள். இறங்கி வந்ததும், நைனா இன்னா சொன்னாரு என்று கேட்பேன்.

"ஒண்ணும் இல்லமா," என்பாள். போனை என்னிடம் தரமாட்டாள்.