ஆமெனுக்குப் பிறகு சொன்னது

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலையில் தேங்காய் திருவிக்கொண்டிருக்கிறேன், போன் அலறுகிறது. காத்தான்குடியில் புடைவைக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர். சாரி எடுக்கப் போனால் பிளேன்ரீ தராமல் அனுப்பமாட்டார், அவ்வளவு பழக்கம்.

"அக்கா, ஒங்கட பாஸ்டருக்கு எங்கட ஊட்டு விசயத்த ஆரு சொன்ன?"

"எந்த விசயம் தம்பி?"

"எனக்கும் எங்கட பெரிய நானாக்கும் பேச்சில்லாத விசயம்தான். வீடியோவுல விரல நீட்டி 'நீதான்' என்கார். ஊட்டுல எல்லாரும் கிறுகி என்னயப் பாக்காங்க!"

நானா என்றால் அவர்களுக்கு அண்ணன். சிரிப்பை அடக்கிக்கொண்டு போனை வைத்தேன். மறுபடி அடித்தது. ஆரையம்பதியிலிருந்து ஒரு அம்மா — அவருக்கும் தங்கைக்கும் பேச்சில்லையாம். பிறகு ஏறாவூரிலிருந்து ஒருவர்... பிறகு என் சொந்த மச்சாள்! எல்லோருக்கும் ஒரே கேள்வி. எங்கள் வீட்டுக் கதையை உங்கள் பாஸ்டரிடம் சொன்னது யார்?

யாரும் சொல்லவில்லை ஐயா. அது பாஸ்டரின் சொந்தக் கதை. அது அவருடைய கதைதான் என்று உலகத்துக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம்... வேறு யார், நான்தான்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

புளியந்தீவில், வாவிக்கரையை ஒட்டி எங்கள் சபை. சின்னச் சபை, ஆனால் பிரசங்கம் பெரிது. ஐம்பது நிமிடம், ஒரு நிமிடம் குறையாது. பிள்ளைகள் பாதிப் பேர் கட்டாரிலும் கனடாவிலும். மீதிப் பேர் பின்வரிசை வாங்கில் இருந்தபடி போனில். போனில் இருப்பவர்களைப் போனிலேயே பிடித்தால் என்ன? பிரசங்கத்தில் ஒரு நிமிடத்தை வெட்டி ஷார்ட்ஸாகப் போடுவோம் என்று பாஸ்டரிடம் சொன்னேன்.

"அம்பது நிமிசத்தில சொல்லுறத ஒரு நிமிசத்தில சொல்ல ஏலுமெண்டா, நான் ஏன் தங்கச்சி அம்பது நிமிசம் நிக்கிறன்?"

இதே சந்தேகம் சபையில் பலருக்கு நெடுநாளாக இருக்கிறது. மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன்.

ஆனால் இரண்டு கிழமை கழித்து அவராகவே வந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி... அந்தச் சின்ன வீடியோ, கதிரவெளிக்கும் போகுமா?"

"கனடாவுக்கே போகுது பாஸ்டர், கதிரவெளிக்குப் போகாதா?"

"அங்க ஒராள் பாக்க வேணும்."

அந்த ஒருவர், பாஸ்டரின் ஒரே அண்ணன். கடற்றொழில். அந்தக் குடும்பத்தில் பாஸ்டர் மட்டும்தான் வேதத்துக்கு வந்தவர். அன்றைக்கு உறவெல்லாம் அவரைத் தள்ளிவைக்க, "அவன் எந்தச் சாமியக் கும்பிட்டாலும் என்ர தம்பி" என்று தனியாளாக நின்றவர் அண்ணன். அப்படிப்பட்ட அண்ணனின் மகளுக்கு ஆறு வருடத்துக்கு முன் கல்யாணம். மாப்பிள்ளை களுதாவளைப் பொடியன். பிள்ளையார் கோயிலில் தாலிகட்டு. சித்தப்பாவான பாஸ்டர் போகவில்லை. கோயிலில் போய் நின்றால் சபை என்ன சொல்லுமோ என்ற பயம்! தாலிகட்டு முடியும்வரை அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாராம். அன்றோடு பேச்சு அறுந்தது.

"போன்ல கோல் அடிச்சா எடுக்கமாட்டார். நேர போனா வள்ளத்த இறக்கிக்கொண்டு கடலுக்குப் போயிடுவார். ஆனா மகள் சொன்னா, இந்தச் சின்ன வீடியோவெல்லாம் விடாமப் பாப்பாராம். அதுக்குள்ள நான் வந்தா... பாப்பார்தானே?"

இதைக் கேட்டு யாருக்குத்தான் மனம் உருகாது? நான் போனுக்குப் புதிதாக ஸ்டாண்ட் எல்லாம் வாங்கினேன்.

அந்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்கித்தார் பாருங்கள்... அப்படி ஒரு பிரசங்கம்! "ரெண்டு சகோதரங்கள். ஒரே பாயில படுத்து, ஒரே பீங்கானில திண்டு வளந்தவங்க. இண்டைக்கு ஒருத்தன்ட வாசல மற்றவன் மிதிக்கிறதில்ல. இதில பிழைகாரன் ஒருத்தன் இரிக்கான். தான்தான் எண்டு அவனுக்கும் தெரியும். ஆனா வீம்பு விடுகுதில்ல. ஆர் அந்த வீம்புக்காரன்?" விரலை நேரே நீட்டினார். "நீதான்!"

நீட்டிய விரல் சரியாக என் கமராவுக்குள் வந்து குத்தியது. இதைவிட ஒரு ஷார்ட்ஸுக்கு வேறென்ன வேண்டும்? இன்னும் சில நிமிடம் பேசி, ஜெபித்து, ஆமென் சொன்னார். நான் ரெக்கோடிங்கை நிறுத்தினேன். மத்தியானம் வெட்டிப் போட்டேன். அண்ணன் மகளுக்கும் லிங்கை அனுப்பினேன். மறுநாள் காலை நடந்ததுதான் மேலே சொன்ன போன் திருவிழா.

அந்தக் குதூகலத்தோடு, பாஸ்டர் குடியிருக்கும் மிஷன் வீட்டுக்குப் போனால், பாஸ்டரின் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்னகா இது? ஆமெனோட நிப்பாட்டிட்டீங்களே!"

"ஆமெனுக்குப் பிறகு என்னக்கா இரிக்கி? அறிவித்தல்தானே?"

"அதுக்குள்ளதானேகா அவர் சொன்னவர்!"

எங்கள் பாஸ்டருக்கு ஒரு பழக்கம். மனதை அழுத்தும் விஷயத்தைப் பிரசங்கத்தில் சொல்லமாட்டார். அறிவித்தல் தாளைக் கையில் எடுத்து, கண்ணைத் தாளில் வைத்துக்கொண்டு, நடுவில் செருகிவிடுவார். அன்றைக்கும் மாதர் சங்கக் கூட்டத்துக்கும் சிரமதானத்துக்கும் நடுவில் சொல்லியிருக்கிறார்: "நீ எண்டு சொன்னன். அந்த வீம்புக்காரன் நான்தான். அண்ணா, என்ன மன்னிச்சுக்கொள்ளுங்க." அந்த நேரம் சபை என்ன செய்துகொண்டிருந்தது? குடையைத் தேடிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? வீடியோவுக்குத் தலைப்பு யோசித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியாதா? ஒருவர் வீட்டுக்கு வந்தால் ஒரு மணித்தியாலம் மழையைப் பற்றிப் பேசுவார், வட்டையில் விதைத்த வயலைப் பற்றிப் பேசுவார், ரீ குடிப்பார். எழும்பி, செருப்பைப் போட்டு, வாசல் படலைவரை போய்த் திரும்பி நின்றுதானே, "மறுகா ஒரு விசயம்..." என்று வந்த காரியத்தைத் தொடங்குவார்? படலைவரை கூடவே போகாதவனுக்கு எந்தக் காரியமும் தெரியவராது. நான் முற்றத்திலேயே நின்றுவிட்டேன்.

பாஸ்டர் என்னை ஒரு வார்த்தை கடியவில்லை. அதுதான் இன்னும் வலித்தது. "இப்பவே இன்னொருக்கா எடுப்பம் பாஸ்டர்" என்று கமராவை அவர் முன்னால் வைத்தேன். நின்றார். தொண்டையைச் செருமினார். "பிரியமானவர்களே..." என்று தொடங்கினார். மூன்று தரம் எடுத்தோம். மூன்று தரமும் பிரியமானவர்களே!

"விடுங்க தங்கச்சி. கமராவக் கண்டா பிரசங்கம்தான் வருது. மற்றது ஒருக்கா வரவே ஆறு வருசம் எடுத்திற்று."

அப்போதுதான் கதிரவெளியிலிருந்து அண்ணன் மகளின் போன் வந்தது. "சித்தப்பா, அப்பா வீடியோவப் பாத்திட்டார். என்னையா வீம்புக்காரன் என்கான் எண்டு கேட்டு, போன கட்டிலில எறிஞ்சிட்டுப் போறார்!"

பாஸ்டர் அப்படியே கதிரையில் சாய்ந்துவிட்டார். நான் வீடியோவை அழித்தேன். அழித்து என்ன? அது வாட்ஸ்அப்பில் ஏறி ஊர் சுற்றத் தொடங்கி வெகு நேரம். ஆறு வருடமாகக் கிடந்த கோபத்தில் ஒரு மனிதன் தண்ணீர் ஊற்றப் பார்த்தார். நான் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டேனே!

அடுத்த ஞாயிறு. பிரசங்கம் தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். கதவடியில் ஒருவர் வந்து நிற்கிறார். வெள்ளைச் சாரன், நெற்றியில் திருநீறு, கையில் ஒரு சொப்பிங் பை. பாஸ்டரின் அதே மூக்கு! யார் என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பிரசங்கம் பாதியில் நின்றது.

வந்தவர் வாங்குகளுக்கு நடுவே நடந்தார். முன்னால் வந்து நின்று, கணீரென்று கேட்டார்.

"நானாடா வீம்புக்காரன்?"

பாஸ்டர் மேடையிலிருந்து இறங்கினார். அறிவித்தல் தாள் இல்லை, பிரியமானவர்களே இல்லை.

"இல்ல அண்ணா. நான். ஊரே என்னத் தள்ளி வைக்கக்க நீங்க என்னோட நிண்டீங்க. ஒங்கட புள்ளையிட கலியாணத்துக்கு நான் வந்து நிக்கல்ல. கோயிலுக்கு வந்தா இந்தச் சபை என்ன சொல்லுமோ எண்டு பயந்திட்டன். அத அண்டைக்கே சொன்னனான்... வீடியோவில வரல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அண்ணன் வாய் திறக்கும் முன், சபைச் செயலாளர் எழும்பினார். எழுபது வயது, கோபம் வந்தால் மூச்சு வாங்கும்.

"பாஸ்டர்! நாங்க எப்ப ஐயா போக வேணாமெண்டு சொன்னம்? என்ர தங்கச்சிக்கு மாமாங்கக் கோயில்ல தாலி கட்டக்க, பந்தியில நிண்டு சோறு போட்டவன் நான்!"

"எங்கட மகனும் கோயிலிலதான்!" என்றார் பின் வாங்கில் ஒரு அம்மா.

"அண்டைக்குப் பொங்கின புக்கை நல்லாருந்தது," என்றார் இன்னொருவர்.

முதலில் சிரித்தது யார் என்று தெரியாது. அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். பிறகு சபை முழுக்கச் சிரிப்பு. பாஸ்டர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பாவம் மனுசன், யாரும் போடாத ஒரு தடைக்கு ஆறு வருடம் கட்டுப்பட்டுக் கிடந்திருக்கிறார்! நம்மில் எத்தனை பேர், யாரோ ஏதோ சொல்வார்கள் என்று நினைத்துக்கொண்டு, அந்த யாரோவிடம் ஒரு தரம் கேட்டுக்கூடப் பார்க்காமல் இருக்கிறோம்?

அன்றைய ஆராதனை அதோடு முடிந்தது. எங்கள் சபை வரலாற்றிலேயே குறுகிய பிரசங்கம்!

அந்த சொப்பிங் பைக்குள் என்ன தெரியுமா? கருவாடு. சண்டை பிடிக்க வருகிறவர் யாராவது கருவாட்டோடு வருவாரா? கேட்டதற்கு, "அது அவள் தந்து விட்டவள்" என்று மனைவியின் தலையில் போட்டார். மத்தியானம் மிஷன் வீட்டில் அந்தக் கருவாட்டுக் குழம்போடு அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சாப்பிட்டார்கள். கடலைப் பற்றிப் பேசினார்கள், பேரப்பிள்ளையின் பல்லைப் பற்றிப் பேசினார்கள். ஆறு வருடத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.

பின்னேரம் அண்ணனை பஸ் ஏற்ற நானும் போனேன். பாஸ்டர் தண்ணீர்ப் போத்தல் வாங்கக் கடைக்குப் போன இடைவெளியில், அண்ணன் என் பக்கம் சரிந்தார்.

"தங்கச்சி, நீங்கதானே வீடியோ எடுக்கிற ஆள்? என்னையும் ஒண்டு எடுங்க. கெதியா. நான் போனாப்போல அவனுக்கு மட்டும் காட்டுங்க. முகத்தப் பாத்துச் சொல்ல எனக்கு வராது."

எடுத்தேன். பஸ் இரைச்சலுக்கு நடுவே, கமராவை நேரே பார்த்துச் சொன்னார்: "தம்பி, நீ அடிச்ச கோல் எல்லாம் கண்டனான். ஒவ்வொருக்காலும் போன் அடிச்சு முடியுமட்டும் பக்கத்திலதான் இருந்தனான். இனி எடுப்பன்."

அவ்வளவுதான். முடிந்தது என்று நினைத்த பிறகும் நான் நிறுத்தவில்லை. அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, "சரி, போதும் தங்கச்சி" என்று கையைக் காட்டும்வரை ஓடவிட்டேன்.

பஸ் கிளம்பியதும், பாஸ்டர் மட்டும் பார்க்கக்கூடிய மாதிரி அதை ஷார்ட்ஸில் ஏற்றி லிங்கை அனுப்பினேன். மறுநாள் விடிய அவரிடமிருந்து ஒரு மெசேஜ்.

"தங்கச்சி, இது முடிய முடிய தானாத் திரும்ப ஓடுதே. எப்பிடி நிப்பாட்டுற?"

நான் பதில் எழுதுமுன் அடுத்தது வந்துவிட்டது.

"வேணாம். ஓடட்டும்."