ஒரு நேரத்தில் ஒரு விருந்தாளி

முதலில் நினைவுக்கு வருவது அந்த ஒயர்தான். சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் எங்கள் வீட்டு ஹாலில், மாதா படத்துக்குக் கீழே போன் இருந்தது. அங்கிருந்து ஒரு சாம்பல் நிற ஒயர் சுவரோடு இறங்கி, கதவு நிலையைச் சுற்றிக்கொண்டு மதினியின் அறைக்குள் போனது. கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு விளக்கு இழுக்க வாங்கி வைத்திருந்த குட்டி ஆணிகளை எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, அதை அடித்தவர் மதினியேதான். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஆடுது பிள்ள, நல்லாப் பிடி" என்றார். ஆடியது என் கை. போன் ஒயரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது. மதினி அதைப் பல்லால் கடித்துத் தோல் உரிப்பதைப் பார்த்து, மனசுக்குள் ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லிக்கொண்டேன்.

மதினி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தார். எழுபதுகளில் ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டர். அந்த வேலையில் அவரை நான் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். காதில் மாட்டிய கருவியோடு, பலகை முழுக்க ஓட்டைகள், கையில் கயிறு கயிறாக இணைப்புகள். ஜப்பான்காரர் ஒருவரிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே, சமையல்கூடத்தில் யாரோடோ மலாயில் சிரித்துக்கொண்டே, என்னைப் பார்த்துக் கண்ணால் "உட்காரு" என்றார். கோயிலில் வாசகம் வாசிக்க எழுந்தால் கடைசி பெஞ்சில் தூங்குகிறவரும் நிமிர்வார், அப்படி ஒரு குரல். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு காய்ச்சலுக்குப் பிறகு முதலில் வலது காது போயிற்று. இடது காதில் மிச்சம் இருந்ததும் மெல்ல மெல்லத் தேய்ந்தது. மாட்டிக்கொள்ளும் கருவி வாங்கினோம். அதில் சத்தம் வருகிறது, சொல் வரவில்லை என்று கழற்றி வைத்துவிட்டார். ஹோட்டலில் அவரை அனுப்பிவிடவில்லை. படுக்கை விரிப்பும் துண்டும் அடுக்குகிற அறைக்கு மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் போனைச் சுற்றி ஒரு மாதிரி ஆகிவிட்டது. நாங்கள் யாராவது ரிசீவரைக் காதில் வைத்தால் மதினி எழுந்து தன் அறைக்குப் போய்விடுவார். கோயிலில் பூசை முடிந்ததும் எல்லோரும் காப்பி குடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுவிடுவார். அவரோடு பேச வேண்டுமானால் இடது காதுப் பக்கம் குனிந்து கத்த வேண்டும். நான் கத்துவேன், என் வீட்டுக்காரர் கத்துவார், பூசை முடிந்து வரும் பெண்களும் கத்துவார்கள். மதினி தலையாட்டிவிட்டுச் சிரிப்பார். என்ன விளங்கியது என்று எங்களுக்குத் தெரியாது.

கம்ப்யூட்டர் எப்படி அவர் மனசுக்குள் புகுந்தது என்று சரியாக நினைவில்லை. சமூக மன்றத்தில் சிலர் சேர்ந்து கம்ப்யூட்டர் சங்கம் மாதிரி ஒன்று நடத்தினார்கள். அங்கே எதையோ பார்த்துவிட்டு வந்து, ஒரு நாள் மீன் கழுவிக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்று, "ஒயர்ல போறது குரல் மட்டும் இல்ல பிள்ள, எழுத்தும் போகும்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ரொம்ப நாள் கழித்து அவர் தானாக ஒரு பேச்சைத் தொடங்கியிருந்தார். அதனால் மீனை விட்டுவிட்டு, கை ஈரத்தோடு கேட்டேன். வீட்டில் ஒரு கம்ப்யூட்டர், அதற்கும் போனுக்கும் நடுவே மோடம் என்று ஒரு சின்னப் பெட்டி. வெளியே இதே மாதிரி வைத்திருக்கிறவர்கள் நம் நம்பரைச் சுழற்றினால், நாம் எழுதி வைத்திருப்பது அவர்கள் திரையில் தெரியும். அவர்கள் பதில் எழுதலாம், நம்மோடு எழுதியே பேசலாம். ஒரு லைன்தான் என்பதால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வர முடியும். "சின்ன வீட்டுக்கு ஒரு விருந்தாளி போதும்லா" என்றார். லோக்கல் போனுக்கு அந்த நாளில் எவ்வளவு நேரம் பேசினாலும் கூடுதல் காசு கிடையாது. அதையும் சேர்த்துச் சொன்னார், நான் செலவுக்குப் பயப்படுவேன் என்று தெரிந்து.

புதுசாக வாங்க நமக்கு வழி ஏது? ஞாயிறு பூசை முடிந்ததும் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு சுங்கை ரோட்டுக்கு நடப்போம். அங்கே தரையில் விரித்த துணிகளில் பழைய கடிகாரம், பழைய சப்பாத்து, பிளக் இல்லாத மின்விசிறி எல்லாம் கிடக்கும். ஒரு சீன வியாபாரியிடம் மதினி மோடம் ஒன்றைக் கண்டெடுத்தார். அவர் கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்ட, மதினி அதை வாங்கித் தன் விலையைத் தட்டிக் காட்ட, அவர் தலையில் அடித்துக்கொண்டு மறுபடி தட்ட, இப்படியே வெகுநேரம் போயிற்று. கூடையில் என் மீன் வெயிலில் வாடியது. வரும்போதுதான் எனக்கு உறைத்தது: மதினிக்குக் காது கேட்காது என்பது அந்த வியாபாரிக்குக் கடைசி வரை தெரியாது. மதினியின் நடையும் அன்றைக்கு வேறு மாதிரி இருந்தது. கம்ப்யூட்டர், சங்கத்தில் ஒருவர் மாற்றிப்போட்ட பழையது. திரை கறுப்பு, எழுத்து பச்சை. அதை என் தையல் மெஷின் மேசையில் வைத்தோம். அன்றுமுதல் நான் தரையில் உட்கார்ந்து கையால் தைத்தேன்.

தன் பக்கத்தில் என்ன எழுதுவது என்று மதினி பல நாள் யோசித்தார். ஆங்கிலத்தில்தான் எழுத முடியும். முதல் வரி இப்படி இருந்தது: இது குவீன்ஸ்டவுனில் ஒரு வீடு, உள்ளே வாருங்கள், யார் வந்திருக்கிறது? பெயரைத் தட்டினால் கதவு திறக்கும். உள்ளே அன்றைய வேதவசனம் ஒன்று, பஸ்ஸில் பார்த்த ஏதாவது ஒன்று, அப்புறம் "இன்று எங்கள் வீட்டில் சமைத்தது". அது என் பங்கு. மீன் குழம்புக்குப் புளி எவ்வளவு என்று நான் விரலால் காட்டுவேன், அதை அவர் ஆங்கிலமாக்குவார். ஆறாம் வகுப்போடு நின்ற என்னுடைய குழம்பு பச்சை எழுத்தில் மின்னுவதைப் பார்த்து எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் மெக்கானிக், ராத்திரி ஷிப்ட். அவசரத்துக்கு டிப்போவிலிருந்து போன் வரும். அதனால் மணி அடித்தால் சாப்பாட்டுக் கையோடு ஓடுவார், இரண்டாவது மணி அடிக்க விடமாட்டார். அவரிடம் மதினி கேட்டது ஒன்றுதான்: "மத்தியானம் மூணு மணியிலேருந்து ஆறு மணி வரைக்கும் லைன் எனக்கு." அவர் சரியென்று தலையாட்டினார். சொன்ன சொல் தவறவில்லை. அந்த நேரத்தில் நாங்கள் யாரும் ரிசீவரை எடுத்து நம்பர் சுழற்றியதே இல்லை. மதினி தன் நம்பரைச் சங்கத்துப் பலகையில் ஒட்டினார், ஒரு பத்திரிகைக்கும் அனுப்பினார். வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, வேலைக்குப் புதுசாகச் சேர்ந்த ஆள் மாதிரி மேசை முன்னால் உட்காருவார்.

யாரும் வரவில்லை. முதல் வாரம் சிரித்துக்கொண்டார். அடுத்த வாரம் காராமணி உரிக்கும் கூடையை அறைக்கே எடுத்துப்போய், ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். நான் மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் செபம் தொடங்கினேன். "யாராவது ஒருத்தர் போன் பண்ணணும் தாயே" என்று தினமும் மத்தியானம் மெழுகுவர்த்தி ஏற்றி வேண்டினேன். ஒரு நாள் மதினி என் கையைப் பிடித்து, "நவநாள் முடியட்டும் பிள்ள. அப்பவும் யாரும் வரலன்னா இதை வித்திடறேன். உன் மேசைய உனக்குத் தந்துட்டு, என் பாட்டுக்கு இருந்துக்கறேன்" என்றார். அந்தக் கடைசிச் சொல்தான் என்னைப் பயமுறுத்தியது. அவர் பாட்டுக்கு இருந்தது எப்படியென்று நான் பார்த்திருந்தேன். இதுவும் போனால் மனுஷி மறுபடி வாய் திறக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது.

நவநாள் முடிவதற்கு முன்னே ஒரு மத்தியானம். காப்பி எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். மதினி எனக்கு முதுகு காட்டி ஜன்னலைப் பார்த்திருந்தார். அப்போது ஹாலில் மணி அடித்தது. அதே நேரம் அந்தச் சின்னப் பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. ஹாலில் என் வீட்டுக்காரர் எடுத்துவிட்டார். "ஹலோ... ஹலோ... யாரு? தினம் தினம் அடிச்சுட்டு வாயைத் திறக்கமாட்டியா? பொம்பளைங்க இருக்கிற வீடு தெரியும்ல, போலீஸ்ல சொல்லிடுவேன்லா" என்று கத்திவிட்டு டொக்கென்று வைத்தார். எனக்கு விளக்குமேல்தான் கண். ஹாலில் அடிக்கிற மணிக்கு இது ஏன் இங்கே முழிக்கிறது?

நானும் என் வீட்டுக்காரரும் நினைத்திருந்தது இதுதான்: மனுஷருக்கு வரும் போன் போனில் அடிக்கும், கம்ப்யூட்டருக்கு வரும் போன் கம்ப்யூட்டரில் அடிக்கும். இரண்டும் ஒரே மணி என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? வாழ்நாளெல்லாம் போனோடு இருந்த மதினிக்கு, இதைக்கூடச் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. மூன்றாவது மணிக்கு மோடம் தானாக எடுக்கும்படி வைத்துவிட்டு, யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார். மணி அடித்ததோ தம்பி எடுத்ததோ அவர் காதுக்கு எட்டவில்லை.

தோளைத் தொட்டேன். விளக்கைக் காட்டினேன், ஹாலைக் காட்டினேன், காதில் ரிசீவர் வைப்பதுபோல் காட்டினேன். இடது காதில் கத்தினேன்: "மணி அடிச்சா இதுவும் எரியுது மதினி."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "எத்தனை நாளா அடிக்குது?"

"முத வாரத்திலேருந்தே. உங்க தம்பி எடுத்து எடுத்துத் திட்டிட்டு வச்சிடறாரு."

காராமணி எல்லாம் தரையில் உருண்டது. அழுகிறாரோ என்று குனிந்து பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். தன் சிரிப்பின் சத்தம் தனக்குத் தெரியாததால் அது வீட்டைத் தாண்டிக் காரிடார் வரை போனது. என் வீட்டுக்காரர் சாரத்தை இறுக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "என் வீட்டுக்கு வந்தவங்களையெல்லாம் வாசல்லயே நின்னு விரட்டியிருக்கியேடா" என்றார் மதினி. அவர் திருதிருவென்று முழித்துவிட்டு, "எனக்கென்னக்கா தெரியும், ஒருத்தனும் வாயைத் திறக்கலியே" என்று கத்தினார். எனக்கோ வேறு நினைப்பு. நான் மெழுகுவர்த்தி ஏற்றிக் கேட்டதையெல்லாம் மாதா அன்றன்றைக்கே கொடுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். எடுத்துத் திட்டி வைத்தது எங்கள் வீட்டு மனுஷர்.

மறுநாள் மூன்று பேரும் அந்த அறையில் உட்கார்ந்தோம். மணி அடித்ததும் என் வீட்டுக்காரரின் உடம்பு தானாக எழுந்தது. சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன். இரண்டாவது மணி, மூன்றாவது மணி. பெட்டியிலிருந்து ஒரு கிறீச்சல், பிறகு கரகரவென்று இரைச்சல். மதினிக்கு அது ஒன்றும் கேட்கவில்லை, கண் திரையிலேயே இருந்தது. பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக, செபமாலை மணி உருள்வதுபோல் நிதானமாக வந்தன. புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஒரு சீனர். பல நாளாக முயற்சி செய்கிறாராம், ஒரு ஆள் ஏதோ மொழியில் கோபமாகப் பேசுகிறாராம், அவர் நலமா என்று கேட்டிருந்தார். மதினி அதைப் படித்துச் சொல்லி, "நலம்னு போடட்டுமா?" என்று தம்பியைப் பார்த்தார். அப்புறம் அந்தச் சீனர் புளிக்குப் பதிலாக எலுமிச்சை பிழியலாமா என்று கேட்க, நான் கூடாது என்று சொல்ல, மதினி தட்டினார். லைன் அறுந்த பிறகும் கையைக் கீபோர்டிலிருந்து எடுக்காமல் இருந்தார். "பார்த்தியா பிள்ள, கத்தாம பேசினாரு" என்றார்.

அதன்பிறகு ஆட்கள் வந்தார்கள், ஒரு நேரத்தில் ஒருவராக. மேசையை நான் திரும்பக் கேட்கவில்லை. பல வருஷம் அந்தச் சின்ன வீடு மத்தியானந்தோறும் திறந்திருந்தது.

இப்போது பாசிர் ரிஸில் மகன் வீட்டில் இருக்கிறேன். மதினியும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை, ஆண்டவர் இளைப்பாற்றி தரட்டும். மகனும் மருமகளும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் போனில் எழுதிக்கொள்வதைப் பார்த்து, வாயைத் திறந்து பேசினால் என்ன என்று வருகிற சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். நான் கேட்பதில்லை. அதற்குக் காரணம் இன்னொரு மத்தியானம்.

அந்தச் சீனர் வந்துபோன சில நாள் கழித்து, என் வீட்டுக்காரர் முடி வெட்டப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மூன்று மணிக்கு மேல் விளக்கு மினுங்கியது, பெட்டி இரைந்தது. திரையில் வழக்கம்போல், யார் வந்திருக்கிறது என்று கேள்வி. பதில் ரொம்ப மெதுவாக வந்தது, பழக்கமில்லாத ஒற்றை விரல் என்று எனக்கே தெரிந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். அதனால் நானும் எழுத்துக்கூட்டிப் படித்தேன். தம்பி, என்று இருந்தது. முடி வெட்டப் போனவர் சமூக மன்றத்துக்குப் போய், அங்கிருந்தவரைக் கெஞ்சி நம் நம்பரைப் போடச் சொல்லியிருக்கிறார். அடுத்த வரி வர வெகுநேரம் ஆயிற்று.

அக்கா, உனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கா?

இத்தனை வருஷத்தில் அவரிடம் நாங்கள் யாரும் இதைக் கேட்டதில்லை. சாப்பிட்டீங்களா என்று கத்தலாம், மழை வருது குடை எடுங்க என்று கத்தலாம். இதைக் காரிடாரில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி எப்படிக் கத்துவது? கத்திக் கேட்க முடிந்ததை மட்டுமே நாங்கள் அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மதினி திரும்பாமலே, "நீ போய் அடுப்பைப் பாரு பிள்ள" என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன். உள்ளே கீபோர்டு சத்தம் கேட்டது. ஒரு எழுத்து, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி ஒரு எழுத்து. பிறகு நிற்காமல், அந்த நாளில் ஹோட்டல் போன் பலகை முன்னால் பேசியதுபோல், விடாமல்.